சிறுநீரகத் துண்டு

நென்ரித் மறுபடியும் முதல் பக்கத்தில் இருந்தாள்.

புதுப் புத்தகம். அட்டையில் இன்னும் யார் விரலும் படியாத வழவழப்பு. முதல் அத்தியாயம் செல். எந்தப் பிசியாலஜி புத்தகத்தை எடுத்தாலும் முதல் அத்தியாயம் செல்தான். செல்லைச் சுற்றி ஒரு சவ்வு, சவ்வில் வாசல்கள், உப்பை வெளியே தள்ளும் பம்பு. அவள் சிவப்புப் பேனாவால் சவ்வுக்கு அடிக்கோடு போட்டாள். அது போதாது என்று பட்டது. பச்சையால் இன்னொரு கோடு போட்டாள்.

தலாத்து வார்டிலிருந்து வந்து வெள்ளைக் கோட்டைக் கதவு ஆணியில் மாட்டினாள். இருவரும் ஒன்றாகக் கல்லூரியில் சேர்ந்தவர்கள். சேர்ந்ததிலிருந்து ஒரே அறை. உடற்கூறும் பிசியாலஜியும் முடிகிற இடத்தில் ஒரு பெரிய தேர்வு உண்டு. அதைத் தாண்டினால் வார்டு. தலாத்து தாண்டிவிட்டாள். நென்ரித் பிசியாலஜியில் விழுந்தாள், மறுதேர்விலும் விழுந்தாள். இப்போது தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார்ந்து அதே ஆண்டைத் திரும்பப் படிக்கிறாள்.

"மறுபடி செல்லாடி?"

"இவன் வேற மாதிரி எழுதியிருக்கான்."

"போன மாசத்துக்கு இந்த மாசம் செல்லு மாறிடுச்சா?"

நென்ரித் பச்சைப் பேனாவை மூடினாள். தலாத்து காலுறையைக் கழற்றிக்கொண்டே வார்டில் பார்த்த காமாலைக்காரரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். அப்படி நிறுத்திக்கொள்வதுதான் நென்ரித்துக்கு எரிச்சலாக இருந்தது.

கட்டிலுக்கடியில் அவளுடைய மற்றப் புத்தகங்கள் இருந்தன. தலையணை என்று எல்லோரும் சொல்லும் தடித்த புத்தகம். அதைச் சுருக்கி எழுதிய மெலிந்த புத்தகம். இந்தியாவில் அச்சான, கட்டம் கட்டமாகப் பாடம் சொல்லும் புத்தகம். வெறும் கேள்வி பதில் புத்தகம். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் இதுதான் சரியான புத்தகம் என்று சொல்லித்தான் வாங்கினாள். ஒவ்வொன்றையும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். படிக்கும் முறையையும் மாற்றிப் பார்த்துவிட்டாள். வண்ணப் பேனா. நூலில் கோத்த அட்டைகள். தன் குரலைப் போனில் பதிந்து, துணி துவைக்கும்போது கேட்பது. எந்த வழியில் போனாலும் செல், நரம்பு, தசை கடந்து ரத்தம் வரை வருவாள். ரத்தம் வந்ததும் ஏதோ ஒன்று பிடித்து நிறுத்தும். புத்தகம் சரியில்லை என்று தோன்றும்.

முதல் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் இன்னும் எதுவும் கெட்டுப்போகவில்லை.

இந்த முறையும் விழுந்தால் மருத்துவம் கிடையாது. தாவரவியலுக்கோ விலங்கியலுக்கோ அனுப்பிவிடுவார்கள். போன ஆண்டு அப்படிப் போனவன் ஒருவன், மருத்துவக் கல்லூரி வாசலைத் தவிர்ப்பதற்காக பெட்ரோல் பங்க் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போகிறான். எதிரில் வந்தால் நென்ரித் தானும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சொந்த ஊரான மங்குவில் அம்மா உருளைக்கிழங்குத் தோட்டத்தில் இருந்தபடி ஞாயிறுதோறும் போன் செய்வாள். தேவாலயத்தில் இன்றும் நம்ம டாக்டருக்காக ஜெபம் நடந்தது என்பாள். வேறு எதையும் கேட்கமாட்டாள். அம்மாவுக்கு விஷயம் தெரியும். தேவாலயத்துக்குத்தான் தெரியாது.

*

ஸுக்வாய் அவளைத் தேடி வந்தது, பாலைவனத் தூசியை அள்ளிவரும் ஹார்மத்தான் காற்று தொடங்கிய வாரத்தில். உதடு வெடித்து, தலைமயிரெல்லாம் செம்மண் தூசியாக வந்து நின்றான். அவன் இப்போதைய வகுப்பில் முதல் மாணவன், அவளைவிட இளையவன். அவளை சீனியர் என்றுதான் கூப்பிடுவான். அதில் மரியாதை எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று அவளால் பிரித்துப் பார்க்க முடிந்ததில்லை.

அவனுடைய குழு தலையணையை வெட்டியிருந்தது. எல்லோருக்கும் தெரிந்த கதை அது. கூட்டாகப் பணம் போட்டு ஒரு புத்தகம் வாங்கி, சந்தையில் பைண்டிங் செய்பவரிடம் கொண்டுபோய்த் துண்டு துண்டாக அறுத்துக்கொண்டார்கள். ஆபரேஷன் என்று அதற்குப் பெயர். சீட்டுப் போட்டு ஆளுக்கொரு துண்டு. தன் துண்டை ஒருவர் படித்து சனிக்கிழமை மற்றவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும். பாடம் எடுத்த பிறகுதான் துண்டு கை மாறும். அந்தக் குழுவில் ஒருத்தன் சட்டம் படிக்கப் போய்விட்டான். அவன் கையிலிருந்த சிறுநீரகத் துண்டு அநாதையாகிவிட்டது.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். டீக்காரர் முட்டையை உடைத்து ரொட்டியோடு வாட்டிக்கொண்டிருந்தார். சேர்வதாக இருந்தால் முதலில் உங்கள் புத்தகங்களைப் பார்க்க வேண்டும் என்றான். அவள் கொஞ்சம் பெருமையோடுதான் பையில் எடுத்து வந்தாள். அவன் ஒன்றையும் திறக்கவில்லை. மூடியபடியே பெஞ்சில் அடுக்கி, தாள்களின் விளிம்பைப் பார்த்தான். எல்லாப் புத்தகத்திலும் முன்பக்கம் ஒரு விரல்கடைக்குத் தாள் விளிம்பு பழுப்பேறியிருந்தது. அதற்கப்புறம் கடைசிவரை வெள்ளை.

"சீனியர், உங்க புத்தகம் எல்லாத்துக்கும் ஒரே வியாதி."

அவள் அவசரமாகப் பையை இழுத்தாள். அவன் பையின் மேல் கையை வைத்தான்.

"இதையெல்லாம் என்கிட்ட குடுத்துடுங்க. பரீட்சை முடிஞ்சதும் தரேன். போன்ல எதாவது வெச்சிருந்தா அதையும் அழிச்சிடுங்க."

"அப்புறம் நான் எதைப் படிக்கிறது?"

"சிறுநீரகம்."

"செல்லு பாக்காம சிறுநீரகத்துக்கு எப்படிப் போறது?"

"நீங்க செல்லைப் பாத்தது போதாதா? செல்லுக்கே வெக்கமா இருக்கும்."

டீக்காரர் சிரித்தார். என்னவென்று புரிந்து சிரிக்கவில்லை. அவள் ரொட்டியைச் சாப்பிடாமல் எழுந்தாள். மறுநாள் ஸுக்வாய் அரிசிச் சாக்கோடு வந்தான். புத்தகங்களைச் சாக்கில் போட்டு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். அவள் ஹாஸ்டல் வாசலில் நின்று, வண்டி திரும்பிய பிறகும் தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

சிறுநீரகத் துண்டு ஒரு வாக்கியத்தின் நடுவில் தொடங்கியது.

பைண்டிங்காரர் தாள் கணக்குப் பார்த்து அறுத்தவர். பாடக் கணக்கு அவருக்கு எதற்கு? மேலே இருந்த பாதி வாக்கியம் முந்தைய அத்தியாயத்தின் வால். அதன் தலை வேறு யாரிடமோ இருந்தது. அந்தத் தலை என்னவாக இருக்கும் என்று யோசித்தே நென்ரித் முதல் நாளைக் கழித்தாள். மறுநாள் சிறுநீரகத்துக்குள் போனாள். நான்காம் அத்தியாயத்தில் கண்டபடி என்று இருந்தது. நான்காம் அத்தியாயம் கையில் இல்லை.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னல் திரையைக் கழற்றித் துவைத்தாள். அது காய்வதற்குள் காற்று அதில் மண்ணை அப்பியது. மறுபடி துவைத்தாள். தலைப்பின்னலை அவிழ்த்துப் புதிதாகப் பின்னிக்கொண்டாள். சமைக்காத பயற்றைத் தட்டில் கொட்டிக் கல் பொறுக்கினாள்.

"கல்லே இல்லாத பயறுடி அது," என்றாள் தலாத்து. "நான் நேத்தே பொறுக்கிட்டேன்."

"இருந்தா?"

"இருந்தா அது உன் சிறுநீரகத்துல இருக்கும். போய் அங்க தேடு."

முதல் துண்டு லாமியிடம் இருந்தது. லாமி குழுவிலேயே சின்னப் பெண். கைப்பந்து மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்பவள். அவள் நடந்த தடத்தில் புல் முளைப்பதில்லை என்று கேலி செய்வார்கள். செல்லையும் நரம்பையும் அவள் ஒப்பித்து முடித்துவிட்டாள். பாடமும் எடுத்தாயிற்று. அண்ணன் கல்யாணத்துக்கு பான்க்ஷின் போகிறாள், போகிற இடத்தில் படிக்க ஒன்றும் இல்லை.

நென்ரித் மைதானத்தில் அவளோடு இரண்டு சுற்று நடந்தாள். மூன்றாவது சுற்றில் கேட்டாள். துண்டை மாற்றிக்கொள்ளலாமா? சனிக்கிழமை காலைக்குள் கொண்டுவந்துவிட்டால் போதும்.

லாமி நின்றாள். "அண்ணனுக்குத் தெரிஞ்சா?" ஸுக்வாயைத்தான் அப்படிச் சொன்னாள்.

"தெரியாது."

"சிறுநீரகம் கஷ்டமாக்கா?"

"படிச்சாதானே தெரியும்."

அன்று சாயங்காலம் முதல் துண்டு நென்ரித்தின் மடியில் இருந்தது. தலைப்புப் பக்கத்திலிருந்து முழுதாக இருந்தது. அவள் செல்லைப் படித்தாள். சவ்வு, வாசல், பம்பு. ஒவ்வொரு வரியும் அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்தது. படிக்கப் படிக்க மூச்சு சீரானது. அந்த வாரம் முழுக்க நன்றாகத் தூங்கினாள்.

*

சனிக்கிழமை பெட்ரோல் இல்லை.

ஊர் முழுக்க பங்குகளில் வரிசை. நென்ரித் பேருந்து நிலையத்தில் பான்க்ஷின் வண்டிகள் நிற்கும் இடத்தில் காலையிலிருந்து நின்றாள். வந்த ஒரு வண்டியில் லாமி இல்லை. ஆட்டுக்குட்டிகளும் ஒரு பாதிரியாரும் இறங்கினார்கள். லாமியின் போன் அணைந்து கிடந்தது. அங்கே மின்சாரம் வந்து எத்தனை நாளோ. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட நினைத்தாள். போன ஆண்டு முழுக்க அதைத்தான் சொன்னாள். முதல் துண்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தே கல்லூரிக்குப் போனாள்.

குழு கூடும் இடம், உடற்கூறு ஆய்வகத்துக்குப் பின்னால் செத்துப்போன ஜெனரேட்டரின் கொட்டகை. ஜெனரேட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சிமெண்ட் மேடையும் புகையேறிய சுவரும் மிச்சம். ஸுக்வாயும் மற்றவர்களும் மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். லாமி எங்கே என்று யாரோ கேட்டார்கள். கல்யாணம், பெட்ரோல் இல்லை என்றார்கள் மற்றவர்கள். நென்ரித் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சீனியர், ஆரம்பிக்கலாமா?"

அவள் சாக்பீஸை எடுத்தாள். சிறுநீரகத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது, அது இரண்டு இருக்கிறது, உள்ளே நுண்குழாய்கள் இருக்கின்றன என்பதுதான். கரி படிந்த சுவரில் ஒரு குழாய் வரைந்தாள். குழாயின் சுவர் எதனால் ஆனது? செல்லால்தானே ஆக வேண்டும். ஒரு செல்லைப் பெரிதாக வரைந்தாள். அவளால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு வரைய முடியும். ஒரு பக்கம் சிறுநீர், மறு பக்கம் ரத்தம். சவ்வு போட்டாள். பம்பைப் போட்டாள், பழக்கத்தில் இரண்டு பக்கமும்.

"ரெண்டு பக்கமுமா?" என்றான் ஸுக்வாய். அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. சிறுநீரகம் அவனும் படித்ததில்லை.

அவள் சுவரைப் பார்த்தாள். பம்பு உப்பை செல்லிலிருந்து வெளியே தள்ளும். இந்தப் பக்கமும் தள்ளி, அந்தப் பக்கமும் தள்ளினால்?

"இல்ல," என்றாள். "ரெண்டு பக்கமும் தள்ளினா உப்பு எங்கயும் போகாது. பாதி சிறுநீருக்கே திரும்பிப் போயிடும். செல்லு சும்மா வேலை செஞ்சு சாகும்." சிறுநீர்ப் பக்கத்துப் பம்பை உள்ளங்கையால் அழித்தாள். "ரத்தத்துப் பக்கம் மட்டும்தான் இருக்கணும். அப்பதான் செல்லுக்குள்ள உப்பு குறையும். குறைஞ்சா இந்தப் பக்க வாசல் வழியா உப்பு தானா உள்ள வரும். வரும்போது சர்க்கரையையும் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வரும்."

இருக்கணும் என்றுதான் சொன்னாள். இருக்கிறது என்று சொல்ல அவளிடம் புத்தகம் இல்லை. யாரும் கவனிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தார்கள். அவள் பேசிக்கொண்டே போனாள். உப்பு போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். அது முதல் அத்தியாயத்தின் சட்டம், ஐந்து புத்தகங்களும் ஒப்புக்கொள்வது. கை முழுக்க சாக்பீஸ். தான் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

அப்போது மேடையின் ஓரத்திலிருந்த பையன் ஒருவன் கேட்டான். உப்பு பின்னாலேயே தண்ணீர் போகும் என்றால், வெயிலில் நடந்துவிட்டு வந்தால் சிறுநீர் மட்டும் எப்படி மஞ்சளாக, அடர்த்தியாக வருகிறது? உப்பையும் தண்ணீரையும் யார் பிரித்தார்கள்?

அவளுக்குத் தெரியவில்லை. சட்டப்படி அது நடக்கவே கூடாது. ஆனால் நடக்கிறது. இன்று காலையில் பேருந்து நிலையத்துக் கழிப்பறையில் அவளுக்கே நடந்தது.

"துண்டைத் திறந்து பாருங்களேன்," என்றான் அந்தப் பையன்.

ஸுக்வாய் அவள் பையை எடுத்து, துண்டை உருவினான். தலைப்புப் பக்கம் மேலே இருந்தது. சுவரில் இருந்த குழாயையும் கையிலிருந்த துண்டையும் அவன் மாறி மாறிப் பார்த்தான்.

"சிறுநீரகம் எங்க?"

"பான்க்ஷின்ல. கல்யாணத்துக்குப் போயிருக்கு."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஸுக்வாய் சிரிக்கவில்லை.

"அப்ப இவ்வளவு நேரம் நீங்க எடுத்தது?"

"செல்லு."

அவன் துண்டை அவளிடம் கொடுக்கவில்லை. தன் பையில் வைத்துக்கொண்டான். இனிமேல் இந்தக் குழுவில் உங்களுக்கு இடம் உண்டா என்று யோசித்துச் சொல்கிறேன் என்றான். அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். பெட்ரோல் பங்க் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாள். பாதி வழியில்தான் அதை உணர்ந்தாள்.

அந்தக் கேள்வி மட்டும் கூடவே வந்தது. அறையில் தலாத்துவிடம் கேட்டாள். தலாத்து அதெல்லாம் தேர்வோடு மறந்துபோயிற்று என்றாள். நென்ரித் உட்கார்ந்தாள், எழுந்தாள். தண்ணீர் குடிக்கும்போது தம்ளரைப் பார்த்தாள். உப்பும் தண்ணீரும் எங்கே பிரிகின்றன?

திங்கட்கிழமை லாமி வந்து, அழுதுகொண்டே துண்டை நீட்டினாள். தாள்களில் கல்யாணச் சாப்பாட்டின் எண்ணெய். நென்ரித் அவளைத் தேற்றக்கூட இல்லை. அங்கேயே மைதானத்து ஓரம் நின்றபடி நடுவில் எங்கோ திறந்தாள். பொருளடக்கம் பார்க்கவில்லை. குழாய் வளைந்து திரும்பி மேலேறும் படத்தைத் தேடினாள். மேலேறும் இடத்தில், குழாயின் சுவர் தண்ணீரை விடாது என்று இருந்தது. உப்பு மட்டும் வெளியே போகும். தண்ணீர் உள்ளே மாட்டிக்கொள்ளும். வெளியே சேர்ந்த அந்த உப்புதான் பிறகு கடைசிக் குழாயிலிருந்து தண்ணீரை இழுத்து, சிறுநீரை அடர்த்தியாக்கும்.

சட்டம் பொய்யில்லை. அந்த இடத்தில் வாசல் இல்லை, அவ்வளவுதான்.

அவள் அங்கிருந்து பின்னால் ஒரு பக்கம் போனாள். பிறகு முன்னால் மூன்று பக்கம். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு புத்தகத்தை நடுவிலிருந்து இரண்டு பக்கமும் படித்துக்கொண்டிருந்தாள். லாமி மூக்கை உறிஞ்சியபடி பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, மன்னிச்சிட்டியா?"

"பேசாம இரு."

சனிக்கிழமை வந்தது. ஸுக்வாய் வரச் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அவள் போனாள். சுவரில் போன வாரத்துப் படம் இருந்தது. யாரும் அழிக்கவில்லை. அந்தப் பையனின் கேள்வியிலிருந்து தொடங்கினாள். முடித்ததும் ஸுக்வாய் ஒரு துண்டை நீட்டினான். ஹார்மோன்கள். அதுவும் ஒரு வாக்கியத்தின் பாதியில் தொடங்கியது.

*

எழுத்துத் தேர்வு முடிந்த பிறகு அறிவிப்புப் பலகையில், வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வர வேண்டியவர்களின் எண்களை ஒட்டினார்கள்.

அந்தக் கல்லூரியின் வழக்கம் இது. வகுப்பில் பெரும்பாலோருக்கு வைவா கிடையாது. இரண்டு வகையினரை மட்டும் கூப்பிடுவார்கள். பரிசு வாங்கும் தகுதி உள்ளவர்களை, இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பார்க்க. விளிம்பில் நிற்பவர்களை, தள்ளுவதா இழுப்பதா என்று முடிவு செய்ய. எண்கள் கலந்தே இருக்கும். யார் எந்த வகை என்று சொல்லமாட்டார்கள். எல்லோரும் ஒரே நடைவழியில், ஒரே மாதிரி இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருப்பார்கள்.

தெரிந்துகொள்ள ஒரே வழி கேள்விதான் என்று தலாத்து சொல்லியிருந்தாள். கஷ்டமான கேள்வி வந்தால் நீ பறக்கிறாய். சுலபமான கேள்வி வந்தால் விளிம்பு. "சுலபமா கேட்டா சுலபமா சொல்லிட்டு வந்துடு. மேதாவித்தனம் காட்டாதே."

லாமியின் எண் இல்லை. அவள் பாஸ், பிரச்சினை இல்லை. ஸுக்வாயின் எண் இருந்தது, நென்ரித்தின் எண்ணும் இருந்தது. நடைவழியில் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். அவன் எந்த வகை என்று யாருக்கும் சந்தேகமில்லை. அவள் எந்த வகை என்பதிலும் இல்லை. அவன் அவளுக்குத் தைரியம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனான்.

வெளியே வந்தபோது அவன் முகம் சாம்பலாக இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து டையைத் தளர்த்தினான்.

"உடம்புச் சூடு எவ்வளவு இருக்கணும்னு கேட்டாங்க."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"அதைப் போயா கேப்பாங்க? ஏதோ வலை விரிக்கிறாங்கன்னு நெனச்சேன். எங்க அளக்கிறோம், எந்த நேரத்துல, யாருக்குன்னு ஆரம்பிச்சேன். தம்பி, ஒரு நம்பர் சொல்லுன்னாங்க. நம்பர் வாயில வரல, சீனியர்."

"எழுத்துப் பரீட்சையில என்ன பண்ண?"

"தப்பான பதிலுக்கு மார்க்கைக் கழிச்சாங்கல்ல. நான் ஒரு கேள்வியையும் விடல."

அவளுடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். அவனுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. நேரமில்லை.

உள்ளே மூன்று பேர். நடுவில் வெளிப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பேராசிரியை, நரைத்த தலையில் உறுமால் கட்டியிருந்தார். முன்னால் ஆறிய டீ. அவள் உட்காரும்போதே பக்கத்திலிருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். பேராசிரியை ஒரு தாளைத் தள்ளினார்.

"ஒரு செல் வரைம்மா."

அப்படியானால் விளிம்புதான். ஆனாலும், வெட்கம் கெட்டு, நென்ரித்துக்கு நெஞ்சு லேசானது. செல்! ஐந்து புத்தகங்கள். சவ்வு, வாசல், பம்பு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சொல்லலாம். சுலபமாகச் சொல்லிவிட்டு வரலாம்.

பேனாவைத் தாளில் வைத்தாள். வட்டம் போடக் கை எழுந்தது. தாளில் நாலு பக்கமும் வெள்ளை. இந்த செல் எங்கே இருக்கிறது? இந்தப் பக்கம் என்ன, அந்தப் பக்கம் என்ன? அது தெரியாமல் பம்பை எந்தப் பக்கம் போடுவது?

கை வட்டத்தைப் போடவில்லை. இரண்டு கோடு இழுத்து, குழாய் வரைந்தாள். குழாயின் சுவரில் ஒரு செல். இந்தப் பக்கம் சிறுநீர் என்று எழுதினாள். அந்தப் பக்கம் ரத்தம்.

"செல்தானே வரையச் சொன்னேன்," என்றார் பேராசிரியை.

"செல்தான் மேடம். இருக்கிற இடத்துல வரைஞ்சிருக்கேன்."

பேராசிரியை தாளைத் தன் பக்கம் திருப்பினார். பக்கத்திலிருந்தவர் கடிகாரத்தை விட்டுவிட்டார்.

"பம்பை ஏன் ஒரு பக்கம் மட்டும் போட்ட? ரெண்டு பக்கமும் போட்டா என்ன?"

எந்தப் புத்தகத்திலும் இல்லாத கேள்வி. புகைச்சுவரில் உள்ளங்கையால் அழித்தது நினைவுக்கு வந்தது. சொன்னாள். அடுத்து, உப்பின் பின்னால் தண்ணீர் போகும்தானே என்றார் பேராசிரியை. போகும், ஆனால் மேலேறும் இடத்தில் போகாது என்றாள். அதற்கடுத்த கேள்வி அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றாள். ஊகித்துப் பார் என்றார்கள். இரண்டு வரி ஊகித்தாள், மூன்றாவதில் வழி அடைபட்டது. மணி அடித்தது. பேராசிரியை அந்தத் தாளைத் திருப்பித் தரவில்லை.

நடைவழியில் ஸுக்வாய் எழுந்து நின்றான். "என்ன கேட்டாங்க?"

"செல்லு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு இருவரும் டீக்கடைக்குப் போனார்கள். அவன் டீயில் சர்க்கரை போட மறந்து முழுவதையும் குடித்தான்.

*

முடிவு வந்தபோது இரண்டு எண்களும் தேறியவர்கள் பட்டியலில் இருந்தன. யாருக்கும் பரிசு இல்லை. யார் எந்த வகையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று கடைசிவரை ஒருவரும் சொல்லவில்லை. நென்ரித் அம்மாவுக்குப் போன் செய்தாள். அம்மா சரி என்றாள். பிறகு, இனிமேல் ஜெபத்தின்போது தலையை நிமிர்த்திக்கொள்ளலாம் என்றாள்.

ஸுக்வாய் அரிசிச் சாக்கைத் திருப்பிக் கொண்டுவந்தான். புத்தகங்களை அடுத்த வகுப்புக்காரர்களுக்கு விற்றாள். வாங்கியவன் விளிம்பைத் தடவிப் பார்த்து, புதுசு மாதிரிதான் இருக்கிறது, முன்னால் மட்டும் யாரோ ஏர் ஓட்டியிருக்கிறார்கள் என்றான்.

வார்டோடு சேர்ந்து நோயியலும் தொடங்கியது. அதற்கும் ஒரு தலையணை உண்டு. மறுபடி பைண்டிங் கடை. பைண்டிங்காரர் கத்தியைத் தீட்டும்போது லாமி முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். முதல் அத்தியாயம் செல்லுக்கு வரும் கேடு.

சீட்டுப் போட்டார்கள். நென்ரித்துக்கு முதல் துண்டு வந்தது.

தலைப்புப் பக்கம், பொருளடக்கம், பிறகு செல். எல்லாம் முழுசாக, வெள்ளையாக, மையின் வாசனையோடு. கட்டைவிரல் தானாகவே அதன் விளிம்பைத் தடவியது. ஒரு பச்சைப் பேனா பையில் இருப்பது ஞாபகம் வந்தது.

"மாத்திக்கலாமா?" என்று ஸுக்வாயிடம் கேட்டாள்.

"உங்களுக்குப் பிடிச்சதாச்சே, சீனியர்."

"அதான்."

அவன் தன்னுடையதைக் கொடுத்தான். கல்லீரல். ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்தார்கள். டிரைவர் இன்னும் ஓர் ஆள் ஏறக் காத்திருந்தார். துண்டு ஒரு வாக்கியத்தின் பாதியில் தொடங்கியது. அந்த ஆள் வருவதற்குள் நென்ரித் இரண்டாம் பக்கத்தில் இருந்தாள்.